பழைய கடல் சார்ட் பட்டா ஆகுமா? ஒரு வெள்ளைப் பாறைக்காக கோர்ட்டுக்குப் போன 100 மேப்புகளோட கதை

தென்சீனக் கடல், மலாக்கா ஜலசந்தின்னு நியூஸ்ல ஏதாவது ஒரு தகராறு வந்தா போதும், கொஞ்ச நேரத்துல மஞ்சளேறிப்போன ஒரு பழைய மேப்போட போட்டோ சுத்த ஆரம்பிச்சிடும். "பாருங்க, 1700லயே இந்தத் தீவு எங்க பேர்லதான் இருக்கு"ன்னு ஒருத்தர் போடுவார், எதிர்த்தரப்பு ஆள் அதவிட அம்பது வருஷம் பழசா இன்னொண்ணத் தேடி எடுத்துட்டு வருவார். ரெண்டு மேப்பும் ஒரிஜினலாவே இருக்கும், அதுல சந்தேகம் இல்ல. ஆனா அந்தப் படத்த எதுக்கு வரைஞ்சாங்க, அதுல இருக்கிற நம்பருக்கும் கோட்டுக்கும் என்ன அர்த்தம், கோர்ட்டுல அதுக்கு என்ன மதிப்பு, இதெல்லாம் தெரியாம சண்ட போட்டா அது கல்யாணப் பத்திரிகைக்குப் பின்னாடி போட்டிருக்கிற ரூட் மேப்ப காட்டி "இந்த மனை என்னுது"ன்னு சொல்ற மாதிரிதான்.

இத விளக்க சிங்கப்பூர் ஜலசந்திலயே ஒரு நல்ல கேஸ் இருக்கு. அதோட கிழக்கு வாசல்ல 137 மீட்டர் நீளத்துல ஒரு கிரானைட் பாறை. அதுக்காக சிங்கப்பூரும் மலேசியாவும் 1980ல இருந்து 2008 வரைக்கும் இழுத்து, ஹேக்ல இருக்கிற சர்வதேச நீதிமன்றத்துல கிட்டத்தட்ட 100 மேப்ப கொண்டுபோய்க் கொட்டினாங்க. அந்தப் பாறைக்குப் போறதுக்கு முன்னாடி அடிப்படைல இருந்து வருவோம்.

மேப் வேற, சார்ட் வேற

கப்பல்ல வேல பாக்குறவங்க யாரும் கடல் படத்த மேப்னு சொல்ல மாட்டாங்க, சார்ட்னுதான் சொல்வாங்க. நிலத்து மேப் எது எங்க இருக்குன்னு காட்டும். சார்ட்டோட கவலை ஒண்ணே ஒண்ணு, எங்க போனா கப்பல் அடி தட்டும். அதனாலதான் சார்ட்டுல நிலம் கிட்டத்தட்ட காலியா கிடக்கும், கடல்ல இருந்து பாத்தா கண்ணுக்குத் தெரியிற மலை, கோபுரம், பெரிய மரம் மட்டும் போட்டிருப்பாங்க. மாமல்லபுரத்துக்கு வெள்ளைக்கார மாலுமிங்க "ஏழு கோபுரம்"னு பேர் வச்சதும் இந்தப் பழக்கத்துலதான், அவங்களுக்கு அது கோயில் இல்ல, கரைய அடையாளம் பாக்குற குறி.

சார்ட்டுல பாக்க வேண்டியது இதெல்லாம்:

1. நம்பருங்க. கடல் முழுக்க சின்னச் சின்ன நம்பர் தெளிச்ச மாதிரி இருக்கும், அது ஆழம். பழைய இங்கிலீஷ் சார்ட்டுல ஃபாதம் கணக்கு, ஒரு ஃபாதம் ஆறடி, அதாவது சுமார் 1.83 மீட்டர். நம்ம மீனவங்க சொல்ற பாகம் இதேதான், ரெண்டு கையையும் விரிச்சா வர்ற நீளம். மலாய்ல இதுக்கு டெப்பா. கிள்ளான் துறைமுகத்துக்கு வெளிய மலாக்கா ஜலசந்தில ஒரு மணல் திட்டு இருக்கு, இங்கிலீஷ்ல ஒன் ஃபாதம் பேங்க், மலாய்ல பெர்மாத்தாங் செடெப்பா, ரெண்டுக்கும் அர்த்தம் "ஒரு பாக மணல்மேடு". பேரே எச்சரிக்கையா இருக்கிற இடம்.

2. அடிமண். ஈயக்குண்டக் கயித்துல கட்டி இறக்கிதான் ஆழம் பாப்பாங்க, அந்தக் குண்டோட அடியில ஒரு குழி இருக்கும், அதுல கொழுப்ப அப்பி விடுவாங்க, மேல வரும்போது மணலோ சேறோ சிப்பியோ ஒட்டிட்டு வரும், அதையும் சார்ட்டுல எழுத்தா குறிச்சு வைப்பாங்க. ராத்திரியில மூடுபனியில எங்க இருக்கோம்னு தெரியாதப்போ அந்த மண்ண பாத்தே இடத்த ஊகிக்கிற ஆளுங்க இருந்திருக்காங்க.

3. திசைக் கோடுங்க. ஒரு வட்டத்துல இருந்து நாலாபக்கமும் நூல் மாதிரி கோடு ஓடும், அது எல்லை கிடையாது, காம்பஸ் பிடிச்சு போற திசை. இந்தக் கோட்டப் பாத்து "எல்லைக் கோடு"ன்னு நெனச்சு வாதம் பண்றவங்க நிறைய.

4. பாறைக் குறிங்க. எப்பவும் தண்ணிக்கு மேல நிக்கிறது, தண்ணி வத்துறப்போ மட்டும் தலை காட்டுறது, எப்பவும் முழுகியே கிடக்கிறது, மூணுக்கும் தனித்தனி குறி உண்டு. பாக்க சின்ன வித்தியாசம், ஆனா இன்னிக்கு சட்டத்துல இதுலதான் மொத்த விவகாரமும் தொங்குது, அதுக்குப் பின்னாடி வரேன்.

பழைய சார்ட்டுல ஏமாந்து போற இடங்க

முதல் பிரச்சினை கிழக்கு மேற்கு கணக்கு. வடக்கு தெற்கா எவ்வளவு தூரத்துல இருக்கோம்னு சூரியனோ நட்சத்திரமோ எவ்வளவு உயரத்துல இருக்குன்னு பாத்து ஓரளவு சரியா சொல்லிடலாம். கிழக்கு மேற்குக்கு நேரம் துல்லியமா தெரியணும், ஆடுற கப்பல்ல சரியா ஓடுற கடிகாரம் 18ம் நூற்றாண்டு நடுவுலதான் வந்துச்சு, அது விலை குறைஞ்சு எல்லாக் கப்பலுக்கும் வர இன்னும் பல பத்து வருஷம் ஆச்சு. அதுவரைக்கும் கப்பல் வேகத்தையும் போன நேரத்தையும் பெருக்கி குத்துமதிப்பா போட்டதுதான். நீரோட்டம் தள்ளிவிட்டா அந்தக் கணக்கு போச்சு. நிலநடுக்கோட்டுப் பக்கம் ஒரு டிகிரி தப்பானா 111 கிலோமீட்டர் தப்பு, சிங்கப்பூர் ஜலசந்தியோட நீளமே அத ஒட்டித்தான் வரும்.

அதுக்கு மேல, பூஜ்ஜியம் எங்க இருந்து ஆரம்பிக்குதுன்னு ஒரு குழப்பம். இங்கிலீஷ்காரன் கிரீனிச்ல இருந்து எண்ணுவான், ஃபிரெஞ்சுக்காரன் பாரிஸ்ல இருந்து, டச்சுக்காரன் பல சார்ட்டுல டெனெரிஃப் தீவு மலைல இருந்து. 1884ல வாஷிங்டன்ல கூடித்தான் கிரீனிச்சுன்னு பொதுவா ஒத்துக்கிட்டாங்க. ஆக ரெண்டு பழைய சார்ட்ல ஒரே பாறைக்கு வேற வேற நம்பர் இருந்தா அது ரெண்டு பாறைன்னு அர்த்தம் இல்ல, வேற நம்பர் இருக்கிறதால ஒண்ணு பொய்யின்னும் அர்த்தம் இல்ல.

ரெண்டாவது, காலி இடம். சார்ட்டுல ஒரு இடத்துல நம்பரே இல்லாம வெள்ளையா இருந்தா நாம என்ன நெனைப்போம், அங்க ஆபத்து எதுவும் இல்லன்னு. உண்மை என்னன்னா அங்க யாரும் போய் அளக்கவே இல்ல. தென்சீனக் கடல்ல ஸ்ப்ராட்லி தீவுக்கூட்டம் இருக்கிற பகுதிக்கு பிரிட்டிஷ் சார்ட்டுல "ஆபத்தான பகுதி"ன்னே பேர் எழுதி, கப்பல சுத்திப் போகச் சொல்லிட்டு விட்டுட்டாங்க.

மூணாவதுதான் ரொம்ப சுவாரசியம், காப்பி அடிக்கிறது. 16ம் நூற்றாண்டுல இருந்து ஐரோப்பிய சார்ட்டுங்கள்ல வியட்நாம் கரைக்கு இணையா "ப்ராசெல்"னு நீளமா, காலுறை தொங்குற மாதிரி ஒரு பெரிய பவளத்திட்டு இருக்கும். ஒருத்தன் போட்டத அடுத்தவன் பாத்துப் போட்டான், அவனப் பாத்து இன்னொருத்தன், இப்படியே கிட்டத்தட்ட 300 வருஷம். 1808ல கிழக்கிந்தியக் கம்பெனிக்காக டேனியல் ராஸும் ஃபிலிப் மௌகனும் போய் அளந்தப்போதான் அந்த உருவத்துல அப்படி ஒரு திட்டே இல்ல, நெஜமான பாராசெல் தீவுங்க வேற இடத்துல சின்னச் சின்னதா சிதறிக் கிடக்குதுன்னு தெளிவாச்சு. இன்னிக்கு "400 வருஷப் பழைய மேப்"னு ஆதாரமா போடுற பல படத்துல இருக்கிறது இந்த இல்லாத காலுறைதான். கப்பல்காரன் மேல தப்பு சொல்ல முடியாது, இல்லாத பாறைய சார்ட்டுல வச்சிருந்தா கொஞ்சம் சுத்திப் போவான், இருக்கிற பாறைய எடுத்துட்டா செத்துப்போவான். அதனால சந்தேகம்னா விட்டு வைக்கிறதுதான் தொழில் வழக்கம்.

யார் வரைஞ்சாங்க, யாருக்காக

"இந்தக் கடல வெள்ளைக்காரன்தான் முதல்ல வரைஞ்சான்"ங்கிறது தப்பு. போர்ச்சுகீசியக் கவர்னர் அல்புகெர்க் 1512ல தன் ராஜாவுக்கு எழுதின கடிதத்துல, ஜாவாக்கார மாலுமி ஒருத்தரோட பெரிய சார்ட் தன்கிட்ட கிடைச்சதாவும், அதுல சீனாக்காரங்க போற வழி, கிராம்புத் தீவுங்க, திசைக் கோடுங்க எல்லாம் இருந்ததாவும், பேரெல்லாம் ஜாவா எழுத்துல இருந்ததாவும் சொல்றார். அந்த ஒரிஜினல், மலாக்காவ புடிச்சு கொள்ளையடிச்ச சாமானோட 1511ல சுமத்ரா பக்கம் முழுகின ஃப்ளோர் டி லா மார் கப்பலோட போயிடுச்சு. அதுல ஒரு பகுதிய மட்டும் ஃப்ரான்சிஸ்கோ ரோட்ரிக்ஸ்னு ஒரு மாலுமி காப்பி எடுத்து வச்சிருந்தார். உள்ளூர்க்காரங்க சார்ட்ட பாத்துத்தான் ஐரோப்பியன் கத்துக்கிட்டான், ஒரிஜினல்தான் நமக்கு மிஞ்சல.

சீனாக்காரங்களுது வேற மாதிரி. 15ம் நூற்றாண்டுல சீனக் கடற்படைத் தளபதி செங் ஹே நடத்தின கடல் பயணங்களோட வழிய காட்டுறதா சொல்ற மாவ் குன் படம் 17ம் நூற்றாண்டுல ஒரு போர்க்கலைத் தொகுப்புல அச்சாச்சு. அது ஒரு நீளமான பட்டை. பஸ்ஸுக்குள்ள ஸ்டாப்பிங் பேர வரிசையா எழுதி ஒட்டியிருப்பாங்களே, அந்த மாதிரி. வடக்கு எப்பவும் மேல இருக்கணும்னு கிடையாது, இந்தத் திசையில இத்தனை ஜாமம் போனா இந்த இடம்னு கணக்கு. இந்தியப் பெருங்கடல் பக்கம் வந்தா நட்சத்திர உயரத்த விரல் கணக்குல குடுத்திருக்கும். இதுல சிங்கப்பூர் பக்கம் டான்மாசி, அதாவது சிங்கப்பூரோட பழைய பேரான தெமாசெக் இருக்கு, அதுக்குக் கிழக்க பாய்ச்சியாவ்னு ஒண்ணு இருக்கு, அர்த்தம் வெள்ளைப் பாறை. நம்ம கதையோட பாறை இதுதான்னு ஆராய்ச்சியாளருங்க சொல்றாங்க. (இதே செங் ஹே 1409 தேதி போட்டு சீனம், தமிழ், பாரசீகம்னு மூணு மொழில வெட்டின கல்வெட்டு இலங்கையோட காலி ஊர்ல கெடச்சு இப்போ கொழும்பு மியூசியத்துல இருக்கு. அந்தக் கடல்வழில தமிழ் எவ்வளவு புழங்கிச்சுங்கிறதுக்கு அது போதும்.)

டச்சுக் கம்பெனி வந்தப்புறம் சார்ட் ரகசியச் சொத்து ஆயிடுச்சு. ஆம்ஸ்டர்டாம்லயும் படேவியாவுலயும், அதாவது இன்னிக்கு ஜகார்த்தாவுல, தோல் மேல கையாலயே வரைஞ்சு கப்பலுக்குக் குடுப்பாங்க, பயணம் முடிஞ்சா திருப்பிக் குடுத்துடணும். அந்த சார்ட்டுங்க பெருமளவுல அச்சுல வெளிவந்தது 1753லதான், வான் கூலன் குடும்பம் போட்ட கடல் அட்லஸோட ஆறாவது பாகத்துல. இத மனசுல வைங்க. அச்சுல வந்த பழைய டச்சு மேப்புல ஒரு தீவு இல்லன்னா அவங்களுக்குத் தெரியலன்னு சொல்ல முடியாது, தெரிஞ்சும் வெளிய விடாம இருந்திருக்கலாம்.

இங்கிலீஷ் பக்கம் கதை சென்னைல தொடங்குது. அலெக்ஸாண்டர் டால்ரிம்பிள் பதின்வயசுலயே கம்பெனி குமாஸ்தாவா மதராஸ் ஜார்ஜ் கோட்டைக்கு வந்தவர். 1759ல கிளம்பி கிழக்குக் கடல சுத்தினார், போன கப்பல் பேரு "கடலூர்". பின்னாடி 1779ல கம்பெனியோட சார்ட் வேலைக்குப் பொறுப்பாளர், 1795ல பிரிட்டிஷ் கடற்படையோட முதல் நீர்வரைவாளர், அதாவது சார்ட் வேலைய கவனிக்கிற அதிகாரி. அவருக்கு அப்புறம் 1810ல கம்பெனி வேலைக்கு வந்தவர் ஜேம்ஸ் ஹார்ஸ்பர்க், ஸ்காட்லாந்துக்காரர். இவரு இந்தத் தொழிலுக்கு வந்ததே ஒரு தப்பான சார்ட்டாலதான், 1786ல இவர் வேல பாத்த அட்லஸ் கப்பல் டீகோ கார்சியா தீவுல மோதி உடைஞ்சுது. அதுக்கப்புறம் போற வழியெல்லாம் அளந்து எழுதி, இந்தியாவுல இருந்து சீனா வரைக்கும் எப்படிப் போகணும்னு அவர் போட்ட வழிகாட்டிப் புத்தகம் பல பத்து வருஷம் கப்பல் கப்பலா இருந்துச்சு. 1836ல இறந்துட்டார். அவர் நினைவா சீன வியாபாரம் பண்ற வணிகருங்க பணம் சேத்தாங்க, ஒரு லைட்ஹவுஸ் கட்டலாம்னு.

அந்த லைட்ஹவுஸ் ஏறின பாறை

போர்ச்சுகீசியத்துல பெட்ரா பிராங்கா, மலாய்ல பத்து பூத்தே, ரெண்டும் வெள்ளைக் கல்லுதான், பறவை எச்சம் காஞ்சு வெள்ளையா தெரியுமாம். மலேசியாவோட ஜொகூர் மாநிலக் கரைல இருந்து 7.7 கடல் மைல், சிங்கப்பூர்ல இருந்து சுமார் 24 கடல் மைல், இந்தோனேசியாவோட பிந்தான் தீவுல இருந்து 7.6. தென்சீனக் கடல்ல இருந்து சிங்கப்பூருக்குள்ள நுழையிற வாசல் நடுவுல கூழாங்கல் போட்டு வச்ச மாதிரி. 1596ல டச்சுப் பயணி லின்ஸ்கோட்டன் போட்ட புத்தகத்துலயே இந்தப் பாறைல கப்பல் மோதுறத பத்தி எழுதியிருக்கு. ஆக நானூறு வருஷத்துக்கு மேலா சார்ட்டுங்கள்ல இது இருக்கு, ஒரே காரணம், பயம்.

1850ல ஸ்ட்ரெய்ட்ஸ் செட்டில்மென்ட், அதாவது சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா சேந்த பிரிட்டிஷ் அரசோட சர்வேயர் ஜான் டர்ன்புல் தாம்ஸன் வேலைய ஆரம்பிச்சு, புலாவ் உபின் தீவுல வெட்டின கிரானைட்ட கொண்டாந்து அடுக்கி, 1851ல ஹார்ஸ்பர்க் லைட்ஹவுஸ் எரிய ஆரம்பிச்சுது. அதுல இருந்து விளக்கப் பாத்துக்கிறது சிங்கப்பூர் நிர்வாகம்தான். சுமார் 130 வருஷம் யாரும் எதுவும் கேக்கல. 1979 டிசம்பர் 21ல மலேசியா தன்னோட கடல் எல்லைய காட்டி ஒரு புது மேப் போட்டுது, அதுல இந்தப் பாறை அவங்க கோட்டுக்குள்ள. 1980 பிப்ரவரி 14ல சிங்கப்பூர் எதிர்ப்புக் கடிதம் அனுப்புச்சு. தகராறு முறைப்படி தொடங்கினது அங்கதான்.

கோர்ட் மேப்ப எப்படிப் பாத்துச்சு

சர்வதேசச் சட்டத்துல மேப்ப பத்தின பொது நிலை ரொம்ப கறார். 1928ல பால்மாஸ் தீவு வழக்குல, இன்னிக்கு இந்தோனேசியாவோட மியாங்காஸ், நடுவர் மாக்ஸ் ஹூபர் மேப்ப ரொம்ப ஜாக்கிரதையாத்தான் எடுத்துக்கணும்னு சொல்லிட்டார். 1986ல புர்கினா ஃபாஸோ, மாலி வழக்குல சர்வதேச நீதிமன்றம் இன்னும் தெளிவா, மேப் தனியா நின்னு உரிமைய உருவாக்காது, ஒரு ஒப்பந்தத்தோட இணைப்பா சேத்திருந்தா கத வேறன்னு சொன்னுச்சு. நம்ம ஊர்க் கணக்குல சொன்னா, பத்திரத்தோட சேந்து ரிஜிஸ்டர் ஆன ஸ்கெட்சுக்கு மதிப்பு, தனியா கெடக்கிற ஸ்கெட்ச் வெறும் பேப்பர்.

இந்த அளவுகோலோட பெட்ரா பிராங்கா தீர்ப்ப, 2008 மே 23ல வந்தது, படிச்சா வாதம் இப்படிப் போகுது:

1. ஆரம்பத்துல பாறை யாருது? ஜொகூர் சுல்தானுதுன்னு கோர்ட் ஒத்துக்கிச்சு. அந்தக் கடல்ல நடமாடின ஓராங் லாவுத் மக்கள் சுல்தானுக்குக் கட்டுப்பட்டவங்க, 17ம் நூற்றாண்டு டச்சுக் கடிதங்க ஜொகூர் ராஜாவோட அதிகாரம் அந்த ஜலசந்தில செல்லுபடியானத காட்டுது. இங்க முடிவு பண்ணினது சார்ட் இல்ல, ஜனங்களும் கடிதமும்.

2. அப்புறம் கை மாறுச்சா? 1953ல சிங்கப்பூர் காலனி அரசு ஜொகூர்கிட்ட இந்தப் பாறையோட நிலை என்னன்னு எழுதிக் கேட்டுது. ஜொகூர் அரசுச் செயலர் பொறுப்புல இருந்தவர் அந்த வருஷம் செப்டம்பர் 21ல பதில் போட்டார், ஜொகூர் அரசு பெட்ரா பிராங்காவுக்கு உரிமை கொண்டாடலன்னு. ஒரே ஒரு வரி. மலேசியாவோட மொத்த கேஸும் இந்த ஒரு வரில ஆட்டம் கண்டுச்சு.

3. நடத்தை. பக்கத்துல நடந்த கப்பல் விபத்த சிங்கப்பூர் விசாரிச்சுது, பாறைக்கு வர்ற மலேசிய அதிகாரிங்களுக்கு சிங்கப்பூர் அனுமதி குடுத்துது, 1977ல ராணுவத் தொடர்புக் கருவி வச்சுது, கடலத் தூத்து பெருசாக்கலாமான்னு திட்டம் போட்டுது. எதுக்கும் அந்தப் பக்கம் சத்தம் இல்ல.

4. இங்கதான் மேப்புங்க வருது. 1962ல இருந்து 1975 வரைக்கும் மலாயா, மலேசியாவோட சொந்த சர்வே துறைத் தலைவர் வெளியிட்ட ஆறு மேப்புல, பாறையோட பேருக்குக் கீழ "சிங்கப்பூர்"னு அச்சாகியிருந்துது. மலேசியா தரப்பு, லைட்ஹவுஸ் அவங்களுதுன்னு காட்டத்தான் அப்படிப் போட்டோம்னு சொன்னாங்க. அதுக்கு சிங்கப்பூர் எடுத்த பதில் அழகு. அதே மேப் வரிசைல சிங்கப்பூரோட புலாவ் தெக்கோங் தீவுக்குக் கீழயும் அதே மாதிரி எழுதியிருக்கு. ஆனா மலேசியாவுக்குச் சொந்தமான, லைட்ஹவுஸ மட்டும் சிங்கப்பூர் நடத்துற புலாவ் பீசாங் தீவுக்குக் கீழ அப்படி எதுவும் இல்ல. அப்போ அந்த வார்த்தை விளக்குக்காக இல்ல, தீவுக்காகத்தானே?

5. மேப் ஓரத்துல "எல்லைக்கு இது ஆதாரம் ஆகாது"ன்னு வழக்கமா போடுற பொறுப்புத் துறப்பு வரி இருக்குன்னும் மலேசியா வாதாடுச்சு. எல்லைக் கோட்டுக்கு அது ஆதாரம் இல்லன்னாலும், அந்த அரசு மனசுல என்ன நெனச்சுக்கிட்டு இருந்துச்சுன்னு அது காட்டுதேன்னு கோர்ட் எடுத்துக்கிச்சு.

கவனிச்சீங்கன்னா, நூறு மேப்புல எடுபட்டது அந்த ஆறுதான். பழசுங்கிறதால இல்ல, வயசுல அதுங்கதான் சின்னப் பசங்க. எடுபட்டதுக்குக் காரணம் தன்னோட லாபத்துக்கு எதிரா ஒருத்தர் தானே அச்சடிச்சது. நம்ம ஊர்ல வாக்குமூலம்னு சொல்வோமே, அந்த வகை. சிங்கப்பூர் தரப்பும் ரொம்ப சுத்தம்னு சொல்ல முடியாது, 1995 வரைக்கும் அவங்க போட்ட எந்த மேப்புலயும் இந்தப் பாறைய தங்களுதுன்னு காட்டலன்னு கோர்ட்டே குறிப்பிட்டுச்சு. ஆனா சும்மா இருந்தது ஒரு எடை, எதிராளி பேர அச்சடிச்சது இன்னொரு எடை.

முடிவு, பெட்ரா பிராங்கா சிங்கப்பூருக்கு, 12க்கு 4. அதுக்குத் தெற்க அரை மைல் சொச்சத்துல இருக்கிற மிடில் ராக்ஸ் மலேசியாவுக்கு, 15க்கு 1, ஏன்னா அதப் பத்தி அந்தக் கடிதமும் பேசல, அந்த மேப்பும் பேசல, அதனால பழைய ஜொகூர் உரிமை அப்படியே நிக்குது. 2017ல மலேசியா மறு ஆய்வு கேட்டு மனு போட்டு, 2018ல தானே வாபஸ் வாங்கிருச்சு.

இதே கடல்ல எதிர்மாதிரி ஒரு கேஸ்

போர்னியோ பக்கம் சிப்படான், லிகிடான்னு ரெண்டு சின்னத் தீவு, இந்தோனேசியாவுக்கும் மலேசியாவுக்கும் தகராறு. 1891ல அப்போ போர்னியோவ பங்கு போட்டு ஆண்ட பிரிட்டனும் நெதர்லாந்தும் போட்ட ஒப்பந்தத்துல எல்லை வடக்கு 4 டிகிரி 10 நிமிஷக் கோடு, செபாத்திக் தீவ குறுக்க வெட்டிப் போகுதுன்னு இருக்கு. தீவத் தாண்டி கடலுக்குள்ள போகுதா இல்லையாங்கிறதுதான் கேள்வி. டச்சு அரசு தன் நாடாளுமன்றத்துக்கு வச்ச விளக்கக் குறிப்போட ஒரு மேப் இருந்துச்சு, அதுல சிவப்புக் கோடு கடலுக்குள்ள நல்லாவே நீண்டு போகுது. இந்தோனேசியா அதத்தான் தூக்கிப் பிடிச்சுது. ஆனா அந்த மேப் ஒப்பந்தத்தோட இணைப்பு இல்ல, டச்சுக்காரன் தன் வீட்டுக்குள்ள வரைஞ்சது, பிரிட்டன் அத ஒத்துக்கிட்டதா எடுத்துக்க முடியாதுன்னு கோர்ட் தள்ளிருச்சு. 1915ல ரெண்டு தரப்பும் சேந்து போட்ட ஒப்பந்தத்தோட இணைப்பு மேப்புல கோடு செபாத்திக் கரையோட நின்னுபோச்சு.

அப்போ எத வச்சு தீத்தாங்க? ஆமை முட்டைய வச்சு. 1917ல ஆமை முட்டை எடுக்கிறதுக்கு, இன்னிக்கு மலேசியாவோட சபா மாநிலமா இருக்கிற வட போர்னியோவுல சட்டம் போட்டது, 1933ல சிப்படான பறவைச் சரணாலயம் ஆக்கினது, 1962லயும் 1963லயும் லைட்ஹவுஸ் கட்டினது. 2002 டிசம்பர் 17ல 16க்கு 1ன்னு மலேசியாவுக்குத் தீர்ப்பு. நூறு வருஷப் பழைய சிவப்புக் கோட்ட ஆமை முட்டை ரெஜிஸ்டர் ஜெயிச்சுருச்சு.

சும்மா இருந்தா தோத்துடுவோமான்னா அதுக்கும் ஒரே பதில் கிடையாது. நிலத்துல, 1962ல ப்ரியா விஹார் கோயில் வழக்குல தாய்லாந்து தோத்தது ஒரு மேப்பாலதான். ஃபிரெஞ்சுக்காரங்க வரைஞ்சு குடுத்த மேப்புல கோயில் கம்போடியா பக்கம் இருந்துச்சு, சியாம் இளவரசர் டாம்ராங் அதுக்கு நன்றி சொன்னதோட நிக்காம மாகாண கவர்னருங்களுக்குக் குடுக்க ஒவ்வொண்ணுலயும் இன்னும் 15 காப்பி வேணும்னு கேட்டு வாங்கினார். வாய மூடிட்டு இருக்கிறது ஒண்ணு, எக்ஸ்ட்ரா காப்பி கேக்கிறது வேற.

அப்போ பழைய சார்ட்டால பிரயோஜனமே இல்லையா

இருக்கு, ஆனா ஜனங்க நெனைக்கிற இடத்துல இல்ல. இன்னிக்குக் கடல் சட்டப்படி ஒரு பாறை தண்ணி ஏறுறப்பவும் மேல நின்னா அதுக்கு 12 கடல் மைல் கடல் எல்லை உண்டு, வத்துறப்போ மட்டும் தெரிஞ்சா தனியா எதுவும் கிடையாது. தென்சீனக் கடல்ல பல திட்டுங்க மேல மணலையும் கான்கிரீட்டையும் கொட்டி தீவாக்கிட்டாங்க, அதுக்கு முன்னாடி அது எப்படி இருந்துச்சுன்னு இப்போ போய் பாக்க முடியாது. பிலிப்பைன்ஸ் சீனா மேல போட்ட வழக்குல 2016 ஜூலை 12ல தீர்ப்பு சொன்ன நடுவர் மன்றம், 1860கள்ல பிரிட்டிஷ் கப்பல் ரைஃபிள்மேன் எடுத்த சர்வே, 1930கள்ல ஜப்பான்காரங்க எடுத்ததுன்னு பழைய ஆவணங்கள எல்லாம் தோண்டி எடுத்துப் பாத்துச்சு. அத வச்சு, பிலிப்பைன்ஸ் தண்ணிக்குள்ள போயிடும்னு சொன்ன கேவன் வடக்கு, மெக்கென்னன்னு ரெண்டு திட்டும் தண்ணி ஏறுறப்பவும் மேல நிக்கிறதுதான்னு, வழக்குப் போட்டவங்களுக்கே எதிரா முடிவு பண்ணுச்சு. தீவு யாருதுங்கிற கேள்விய அந்த மன்றம் தொடவே இல்ல, சீனா அந்தத் தீர்ப்ப ஏத்துக்கவும் இல்ல. ஆனா அந்த ஈயக்குண்டுக் கணக்குக்கு 150 வருஷம் கழிச்சு வேல வந்துச்சு பாருங்க. யாருக்குச் சொந்தம்னு அதால சொல்ல முடியாது, அது அளந்தவங்க வேலையும் இல்ல. பாறை எப்படி இருந்துச்சுன்னு கேட்டா சொல்லும்.

கப்பல் ஓட்டுறவங்களுக்கும் இது பழைய கதை இல்ல. இப்போ எலக்ட்ரானிக் சார்ட்டுதான், ஆனா ஸ்க்ரீன்ல பளிச்சுன்னு தெரியிற ஆழம் சோனார்ல எடுத்ததா, பாட்டன் காலத்து கயித்துல எடுத்ததான்னு நம்பர மட்டும் பாத்தா தெரியாது. அதனாலதான் ஒவ்வொரு பகுதிக்கும் ஏ1, ஏ2, பி, சி, டி, யு-ன்னு நம்பகத்தன்மை தரம் குடுத்திருக்காங்க, கடைசி எழுத்துக்கு இன்னும் மதிப்பிடலன்னு அர்த்தம். பழைய படத்துல இருந்து புது அளவு முறைக்கு மாத்துறப்போ இந்தப் பகுதில நூறு இருநூறு மீட்டர் நகர்ந்து போறதும் உண்டு, ஜிபிஎஸ் காட்டுற இடத்த பழைய பேப்பர் சார்ட்ல அப்படியே குறிச்சா ஜலசந்தில அது போதும் கெடுக்க. புதுசுலயும் தப்பு வரும், 2013 ஜனவரி 17ல அமெரிக்க கடற்படையோட கார்டியன் கப்பல் சூலு கடல்ல துப்பத்தாஹா பவளத்திட்டுல ஏறி நின்னுச்சு, அவங்க டிஜிட்டல் சார்ட்டுல அந்தத் திட்டு சுமார் 8 கடல் மைல் தள்ளிப் போட்டிருந்துது, கப்பல துண்டு துண்டா வெட்டித்தான் எடுத்தாங்க.

தீராம நிக்கிற மூணாவது பாறை

பெட்ரா பிராங்கா தீர்ப்புல மூணாவதா சவுத் லெட்ஜ்னு ஒண்ணு இருக்கு, பெட்ரா பிராங்காவுக்குத் தெற்க 2.2 கடல் மைல், தண்ணி வத்துறப்போ மட்டும்தான் வெளிய தெரியும். இது யாரோட கடல் எல்லைக்குள்ள வருதோ அவங்களுதுன்னு மட்டும் கோர்ட் சொன்னுச்சு. அந்த எல்லைய வரைஞ்சு குடுங்கன்னு ரெண்டு நாடும் கோர்ட்ட கேக்கவே இல்ல, அதனால அவங்க வரையவும் இல்ல. ஒரு பக்கம் சிங்கப்பூரோட பெட்ரா பிராங்கா, இன்னொரு பக்கம் மலேசியாவோட மிடில் ராக்ஸ், அதுல மலேசியா ஒரு கடல்சார் நிலையமே கட்டி 2017ல திறந்தாச்சு. ரெண்டோட 12 மைலும் ஒண்ணு மேல ஒண்ணு விழுது, நடுவுல சவுத் லெட்ஜ். அது இருக்கிற இடத்துல எல்லாரோட சார்ட்டுலயும் ஒரே குறிதான், வத்துறப்போ தெரியிற பாறை, கிட்ட வராதே.